ஆருமில்லாத அஞ்சு ஊடு

வேப்பமரக் கிளையில் கரும்பலகையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மார்கழி மாதம். எங்கள் பக்கத்து மார்கழிக் காற்றைத் தெரியாதவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். மலைக்கு நடுவே உள்ள இடைவெளியில் புகுந்து கிழக்கிலிருந்து வரும். பாலக்காட்டை ஒட்டிய எலப்புள்ளியில் காயப்போட்ட சேலையை அடுத்த ஊர் வேலியில் போய் எடுத்து வந்தவர்கள் உண்டு.

பலகை ஆடிக்கொண்டே இருந்தது. காலேஜ் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த தர்ம சார் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதினார். எழுதினதை இங்கிலீஷில் ஒரு தடவை வாசித்தார், மலையாளத்தில் ஒரு தடவை சொன்னார். எங்களைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்.

"இஞ்சினியர் ஆனவன் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி என்ன? நான் பண்ற காரியத்தால யாருக்கு என்ன கஷ்டம் வரும்? இதைக் கேக்காதவன் கொத்தனார் வேலைக்குக்கூட லாயக்கில்லை!"

முப்பது பையன்களும் இரண்டு பெண்களும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பையன்களெல்லாம் அடியில் அகலமாக விரிகிற கால்சட்டை போட்டிருந்தார்கள். ஊருக்குள் அவர்கள் நடந்தால் தெருக் கூட்ட ஆள் வைக்க வேண்டியதில்லை.

சாருக்கும் எனக்கும் மூன்று முழ தூரம் இருக்கும். நடுவில் ஒரு பூசணிக்காய். சாம்பாருக்கு நான் அதை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

யாருக்குக் கஷ்டம் என்று பலகையில் கேட்டிருந்ததே, அந்தக் கேள்விக்குப் பதில் அங்கேயே அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அந்த வழக்கம் அதற்கு இல்லை.

கறிவேப்பிலை வாங்க வந்த பெண்

இதெல்லாம் இப்போது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், அடுத்த வீட்டுப் பெண்ணால்தான். இஞ்சினியர் படிப்பு படிக்கிறாள். கறிவேப்பிலை பறிக்க வந்தவள் மரத்தடியிலேயே நின்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்ன கண்ணு என்றேன். பரீட்சையாம். "பொறியாளருக்கான அறம்" என்று ஒரு பாடம் இருக்கிறதாம். அதில் "நிலைத்த வளர்ச்சி" என்று ஒரு அத்தியாயமாம். நாளைக்குப் பிறக்கப் போகிறவர்களுக்கும் தண்ணீரும் மண்ணும் மிச்சம் வைத்துக் கட்டடம் கட்ட வேண்டுமாம்.

"நாளைக்குப் பொறக்கறவங்க சரி. இன்னிக்கு உசுரோட இருக்கறவங்களப் பத்தி எத்தன பக்கம் கண்ணு?" என்று கேட்டேன்.

"அது சிலபஸ்ல இல்லீங் அம்மிணி" என்று சொல்லிவிட்டு, கறிவேப்பிலையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போன வாரம் இதே பத்திரிகையில் கல்யாணச் சமையலில் பாயசத்துக்குள் உப்பைக் கொட்டின கதையை எழுதினேன். அதைப் படித்துவிட்டு ஒருவர், உங்களைப் போலக் கூச்சப்படுகிறவர் இவ்வளவு எழுதுவது எப்படி என்று கடிதம் போட்டிருக்கிறார். காகிதம் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால்தான்.

மண் குடித்த தண்ணீர்

வருஷம் சரியாக நினைவில்லை. எங்கள் பக்கம் கரண்டுக் கம்பி வந்த புதிது. பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாக முளைத்த காலம். சிமெண்டு வாங்க பெர்மிட்டு வேண்டும்.

எங்கள் ஏரியிலிருந்து ஒரு மண் வாய்க்கால் வரும். அதில் முறை வைத்துத் தண்ணீர் பாயும். வாரத்தில் இரண்டு நாள் பண்ணாடிக்கு. பண்ணாடி என்றால் எங்கள் ஊரில் பெரிய நிலக்காரர். ரோட்டை ஒட்டி அவருடைய தென்னந்தோப்பு. அடுத்த நாட்கள் நடுவில் உள்ள மற்றவர்களின் காடு தோட்டங்களுக்கு. கடைசியில் சனிக்கிழமை மட்டும், அதுவும் அரை நாள், கடைமடைக்காரர்களுக்கு. கடைமடைக்கு வருவதற்குள் வாய்க்கால் களைத்துவிடும். மிளகாய்ச் செடிக்கு வாய் கொப்பளிக்கக்கூடக் காணாது.

வாய்க்காலின் நடுப்பகுதியில், தண்ணீர் பண்ணாடி தோப்புக்குப் போகிற வழியில், கரைக்குக் கீழே, எங்கள் வீடுகள் இருந்தன. ஐந்து வீடு. பின்னால் பனைமரத்துக்கு அடியில் ஒரு கிணறு. குடிக்க, சமைக்க, மாட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கிணறுதான். அதற்கு ஊற்று என்று தனியாக ஒன்றும் கிடையாது. வாய்க்கால் கரை கசிந்து, மண்ணுக்குள் இறங்கி, கிணற்றின் மேற்குப் பக்கக் கல் இடுக்கில் வந்து சொட்டும். மதியத்தில் சத்தம் அடங்கினதும் காது கொடுத்தால் கேட்கும். டொக். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு டொக். அதைக் கேட்டுக்கொண்டு நான் அரிசி புடைத்திருக்கிறேன்.

இப்படி இருந்தபோதுதான் காலேஜிலிருந்து கேம்ப் வந்தது. கிறிஸ்துமஸ் லீவில் பத்து நாள். பள்ளிக்கூடத்தில் தங்கி, ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போவார்களாம். கூட வந்த வாத்தியார்தான் தர்ம சார். அந்தப் பெயரை வைத்தது பையன்கள். பாலக்காட்டு டவுனில் பழைய கோயில் தெருக்காரர். மெலிந்த ஆள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். யாரிடமும் ஒரு இளநீர் சும்மா வாங்கிக் குடிக்கமாட்டார். அதையெல்லாம் சொல்லாமல் விட்டால் பாவம்.

வந்த முதல் நாளே வாய்க்காலைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "பாதித் தண்ணியை மண்ணே குடிச்சுடறதே! வரப்போற தலைமுறைக்கு என்னத்தை வைக்கப் போறோம்? ஒரு சொட்டு வீணாகப்படாது. சிமெண்டு வாய்க்கால் கட்டிடலாம்."

பண்ணாடி உடனே மணல் தருகிறேன் என்றார். மணல் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஊட்டுல ஆருமில்லீங்க"

இரண்டாம் நாள் சர்வே. பையன்கள் இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போனார்கள். கையில் ஃபாரம். யாருடைய வீடு, எத்தனை பேர், எந்தத் தண்ணீர். யாருக்குக் கஷ்டம் என்ற கேள்வியை முறைப்படி கேட்கத்தான் இந்த ஏற்பாடு.

எங்கள் வீட்டுக்காரர் ஃபாக்டரிக்குப் பகல் ஷிஃப்டு போயிருந்தார். மற்ற நாலு வீட்டிலும் அதே கதைதான், ஆண்பிள்ளைகள் எல்லாம் வேலைக்கு. நான் சாமான் துலக்கிக்கொண்டிருந்தேன். தட்டிக்கு வெளியே அகலக் கால்சட்டைக் கால்கள் நாலு தெரிந்தன.

"வீட்டில் ஆளுண்டோ?" என்று ஒரு குரல்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன்: "ஊட்டுல ஆருமில்லீங்க."

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அந்நிய ஆம்பளை வந்து கேட்டால், வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வோம். என் அம்மா அப்படித்தான் சொன்னாள், என் மாமியாரும் அப்படித்தான். கேட்கிறவருக்கும் அது புரியும். ஆம்பளை இல்லை, பொம்பளை இருக்கிறாள், அந்தி சாய்ந்து வா என்று அர்த்தம். தபால்காரர் கடிதத்தைத் தட்டியில் செருகிவிட்டுப் போவார். பால்காரர் சொம்பை வாசலில் வைக்கச் சொல்வார். யாருமில்லை என்று சொன்ன குரல் யாருடையது என்று ஒருத்தரும் குழம்பினதில்லை.

இஞ்சினியர்கள் படித்தவர்கள். ஃபாரத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஆளில்லை.

அடுத்த வீட்டிலும் ஆருமில்லீங்க. அதற்கடுத்ததிலும் ஆருமில்லீங்க. ஐந்து கதவுக்குப் பின்னால் ஐந்து பெண்கள் நின்று தாங்கள் இல்லை என்று தெளிவாகச் சொன்னோம். ஒரு வீட்டில் குழந்தை அழுதது. ஒரு வீட்டில் அடுப்புப் புகை வந்தது. பையன்கள் அந்தப் புகையில் இருமிக்கொண்டே ஆளில்லை என்று எழுதினார்கள்.

உள்ளேன் ஐயா

இந்தக் குணம் எனக்குப் புதிதாக வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். எனக்கு வாய் வராது. மயிலாத்தாள் என்று கூப்பிடுவார். நான் முதல் வரிசையில் சிலேட்டுப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவரும் என்னைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே வரவில்லை என்று குறித்துவிடுவார். சட்டம் என்றால் சட்டம்.

நாலாம் வகுப்பு முடிவில் எனக்கு வருகைநாள் போதாது என்று நிறுத்திவிட்டார். ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளை நான். அப்பா போய்க் கேட்டார். "பொண்ணு தெனமும் வந்துதுங்களே சாமி?"

"வந்துது. ஆனா ரிஜிஸ்தர்ல வரலியே" என்றார் வாத்தியார்.

அப்பா பெரிதாக வருத்தப்படவில்லை. எருமை மேய்க்க ஆள் தேவைப்பட்டது. எருமை ஆஜர் கேட்பதில்லை.

பாழ்க் கிணறு

மூன்றாம் நாள் கேம்ப் சமையல்காரருக்கு வயிற்றுப்போக்கு. அவர் சமைத்ததை அவரே சாப்பிட்டுவிட்டார் என்று பேச்சு. பண்ணாடி வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். இப்படித்தான் நான் பூசணிக்காயோடு தர்ம வகுப்புக்குள் போய் உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடச் சுவரில் பெரிய படம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். ஏரி, வாய்க்கால், வீடுகள் எல்லாம் இருந்தன. நம்ம ஊரைக் காகிதத்தில் பார்க்கிற ஆசையில் கிட்டே போனேன். எங்கள் இடத்தில் ஐந்து கட்டம் இருந்தது. ஐந்தின் மேலும் பெருக்கல் குறி.

படித்த பெண்கள் இரண்டு பேர் என்றேனே, அதில் ஒருத்தி ஷீலா. மலையாளத்துப் பெண், நல்ல மாதிரி. சாதம் வடிக்கக் கூடமாட நிற்பாள். "இதென்ன கண்ணு?" என்றேன்.

"அது ஆளில்லாத வீடுகள் சேச்சி. பின்னில் ஒரு பாழ்க் கிணறும் உண்டு."

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. "அது எங்க ஊடு கண்ணு. நாங்க இருக்கறோம். அந்தக் கெணத்துத் தண்ணிலதான் காலைல நீ காப்பி குடிச்ச. கரைய சிமெண்டு வெச்சு அடைச்சா கெணத்துல சொட்டு வராது."

ஷீலாவின் முகம் வெளுத்தது. போய் அவர்களுடைய லீடர் பையனிடம் சொன்னாள். அவன் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னதை அவள் வந்து எனக்குச் சொன்னாள். படத்தின் நகலில் சார் கையெழுத்துப் போட்டு டவுனுக்கு அனுப்பியாகிவிட்டது. இதே படத்துக்குத்தான் சிமெண்டு பெர்மிட்டு. படத்தை மாற்றினால் பெர்மிட்டு போய்விடும். திருத்தம் இருந்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

"நீயே சார்கிட்டச் சொல்லு கண்ணு."

"ஞான் பறஞ்சா ஆரு கேக்கும் சேச்சி? சேச்சி பறயூ." அவள் சொன்னால் யார் கேட்பார்கள், நானே சொல்ல வேண்டுமாம்.

சார் பத்தடியில் நின்று, தைரியமாக உண்மையைச் சொல்வது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவளும் போகவில்லை, நானும் போகவில்லை. அவள் அந்தப் பாடத்தை நோட்டில் எழுதப் போனாள். நான் சாம்பாருக்குப் புளி கரைக்கப் போனேன்.

சொட்டு நின்றது

வாய்க்கால் கட்டி முடித்தார்கள். பண்ணாடி தேங்காய் உடைத்தார். கல்லில் அவர் பெயரும் காலேஜ் பெயரும். "வருங்காலத் தலைமுறைக்கு" என்றும் ஒரு வரி வெட்டியிருந்தது. ஃபோட்டோ எடுக்கும்போது காற்று வந்து எல்லோர் கால்சட்டையும் பாவாடை மாதிரி பறந்தது.

தை கழிந்தது. மாசி பிறந்து நாலு நாள் இருக்கும், மதியம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. முறத்தை வைத்துவிட்டுக் காது கொடுத்தேன். டொக் இல்லை.

பங்குனிக்குக்கூடத் தாங்குகிற கிணறு. எட்டிப் பார்த்தால் அடியில் சேறும் ஒரு தவளையும். அன்றிலிருந்து ஐந்து வீட்டுப் பெண்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பண்ணாடி தோட்டத்துக்கு நடந்தோம். அவருடைய மோட்டார் ஓடி, மாடு குடித்து, தென்னை குடித்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு. போக வர ஒரு மைல். வழியில் எங்கள் வாசலை ஒட்டியே வாய்க்கால் ஓடும். கண்ணாடி மாதிரித் தண்ணீர், ஒரு சொட்டு வீணாகாமல்.

வாய்க்காலிலேயே மொண்டால் என்ன என்று கேட்பீர்கள். அது முறைத் தண்ணீர். பட்டப்பகலில் குடம் விட்டு மொண்டால் சண்டை. கரை கசிந்து தானாக வந்தது வேறு. அது யாருடைய முறையிலும் சேராமல் இருந்தது.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு ஒரு மத்தியானம் ஊரே சோறு தின்றுவிட்டுச் சாய்ந்திருந்த நேரத்தில், வீட்டுக்காரர் வைத்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். காற்றுச் சத்தத்தில் இடிக்கிற சத்தம் கேட்காது. கிணற்றுப் பக்கச் சுவரில், அடியில், குத்தினேன். பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது, கலவை நல்ல கலவை. கை இரண்டும் கொப்புளித்துவிட்டது. கடைசியில் ஒரு கைமுட்டி அளவு ஓட்டை. தண்ணீர் எட்டிப் பார்த்து, மண்ணில் இறங்கியது.

மூன்றாம் நாள் மத்தியானம் டொக்.

யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. அந்த வித்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

மருதாயி வந்தாள்

சனிக்கிழமை வந்தது. கூடவே மருதாயியும் வந்தாள். கடைமடையில் ஒரு துண்டு மிளகாய்க் காடு வைத்திருந்தவள். என்னைவிடப் பெரியவள், அவள் குரல் அவளைவிடப் பெரிது. மண்வெட்டியை வாசலில் ஊன்றி நின்றாள்.

"அடியே மயிலா! உள்ள இருக்கறயா, இல்ல ஆருமில்லியாக்கு?"

"இருக்கறனுங் அக்கா."

"சுவத்துல பொந்து வெச்சது நீயி தான? பொய் சொன்னீன்னா நாக்கு அழுகிப்போகும். எம்பட மொறையில தண்ணி பாதியாக்கிப்போச்சு."

"கெணறு வத்திப்போச்சுங்க் அக்கா. அஞ்சு ஊட்டுக்கும் குடிக்கத் தண்ணியில்ல."

"அதுக்கு எம்பட மொளகாய நீ குடிச்சுப்போடுவயா? ஏண்டி, கண்ணாலம் கட்டி வந்த நாள்ள இருந்து அந்தக் காட்டுல நான் பச்சையப் பாத்தவளாக்கு? அந்தக் கால்சட்டக்காரனுங்க சிமெண்டு வெச்சப்பறந்தான் சனிக்கெழமன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரிஞ்சுது. இந்த வருசந்தான் செடி பூ வெச்சிருக்குது. அதுல போயிப் பொந்து வெச்சுப்போட்டயே!"

இத்தனை நாளும் அந்தச் சிமெண்டால் யாருக்காவது நல்லது நடந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. யாருக்குக் கஷ்டம் என்று நானும்தான் கேட்காமல் விட்டிருந்தேன். சாரைச் சொல்லி என்ன?

உள்ளே போய் அவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு நிறுத்தி, சொம்பைப் பார்த்தாள்.

"இது பொந்துத் தண்ணியாக்கு?"

"ஆமாங் அக்கா."

"அப்ப எம்பட தண்ணிதான்" என்று சொல்லி மீதியையும் குடித்தாள். மண்வெட்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"பண்ணாடிக்கு ரண்டு நாளு மொறை. தென்ன குடிச்சது போக ரோட்டுலயே ஓடுது. பஸ்ஸு டயரக் கழுவீட்டுப் போகுது. பாத்திருக்கறயா?"

"பாத்திருக்கறனுங்க்."

"அந்த ரண்டு நாளு பொந்து தொறந்திருக்கட்டு. மத்த நாளெல்லாம் அடைச்சுப்போடு. சனிக்கெழம நானே வந்து பாப்பேன். ஒரு சொட்டு ஒழுகுச்சுன்னா உன்னயத் தூக்கி அந்தப் பொந்துல வெச்சு அடைப்பேன்."

தேங்காய் மட்டை ஒன்றை எடுத்து ஓட்டை அளவுக்குச் செதுக்கினாள். என் பழைய நீலச் சேலையைக் கிழித்துச் சுற்றினேன். மேலே களிமண். கச்சிதமாகப் பொருந்தியது. எஸ்டிமேட்டும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. ஒரு வருஷம் அந்தத் தக்கை அப்படியே வேலை செய்தது. பண்ணாடி முறைக்கு எடுப்பேன், முறை மாறினதும் செருகுவேன். கிணற்றில் டொக் நிற்கவில்லை. மருதாயி மிளகாய் காய்த்துச் சிவந்தது.

மறு மார்கழி

அடுத்த வருஷம் கேம்ப் மறுபடியும் வந்தது. புதுப் பிள்ளைகள், ஷீலா மட்டும் பழையவள், கடைசி வருஷம். இந்தத் தடவை முதலிலிருந்தே சமையல் எனக்கு. அரைக்க மருதாயி. போன வருஷம் செய்த காரியத்தைப் புதுப் பிள்ளைகளுக்குக் காட்ட சார் எல்லோரையும் வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். கூடவே பண்ணாடி. டீத் தூக்கோடு பின்னால் நாங்கள்.

அன்றைக்குப் பார்த்துப் பண்ணாடி முறை.

ஓட்டையில் தண்ணீர் ஓடுவதை முதலில் பார்த்தது சார்தான். நின்றுவிட்டார். முகம் வாடிப்போனது. பிறகு அங்கேயே வகுப்பு ஆரம்பித்தது.

"பார்த்தேளா? ஜனங்களுக்கு ஒண்ணு செஞ்சு கொடுத்தா மட்டும் போறாது. பொறுப்பும் சேர்த்துக் கத்துக் கொடுக்கணும். எவனோ விளையாட்டா உடைச்சிருக்கான். வருங்காலத்தைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பானா?"

"எந்த நாயி செஞ்சிருந்தாலும் தோல உரிச்சுப்போடறனுங்க சார்" என்றார் பண்ணாடி.

"அதெல்லாம் வேண்டாம். அரை மூட்டை சிமெண்டு மிச்சம் இருக்கு. இப்பவே அடைச்சுடலாம்."

இரண்டு பையன்கள் சிமெண்டு எடுக்க ஓடினார்கள். ஒருத்தன் வாய்க்காலில் இறங்கி ஓட்டைக்குள் ஈரக் களிமண்ணை அமுக்கினான். அந்தச் சிமெண்டு காய்ந்தால் கிணறும் காயும். மறுபடி குடத்தோடு பண்ணாடி தோட்டத்துக்கு. மருதாயி என் இடுப்பில் ஒரு இடி இடித்தாள்.

"சார்" என்றேன். காற்று அதை எங்கேயோ கொண்டுபோனது. இன்னொரு தடவை சொன்னேன். "சார், அடைக்காதீங்க. எங்க அஞ்சு ஊட்டுக் கெணத்துக்குத் தண்ணி அதுலதானுங்க வருது."

சார் குழம்பினார். பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து விரித்தார். காற்றில் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். "இங்கே மனுஷாளே இல்லையேம்மா. ஆளில்லாத வீடுன்னு சர்வேயில இருக்கே?"

"அப்படிச் சொன்னது நாந்தானுங்க."

"நீயா? எங்கேர்ந்து சொன்னே?"

"ஊட்டுக்குள்ள இருந்துதானுங்க சார்."

பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், எங்கள் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கரையிலிருந்து இறங்கிக் கிணற்றுக்குப் போனார். உள்ளே குனிந்து வெகுநேரம் நின்றார். நான் தூரத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து டொக்காவது கேட்டிருப்பார்.

திரும்பி வந்து, சிமெண்டைக் கீழே வைக்கச் சொன்னார். அமுக்கின களிமண்ணைத் தன் கையாலேயே தோண்டி எடுத்தார்.

பண்ணாடிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இது எம்பட மொறையில மட்டுந்தான் ஓடுதோ என்னமோ? நேத்து நான் இந்த வழியா வந்தப்ப இந்த எடம் காஞ்சு கெடந்துதே?"

"ஓட்டைக்கு என்னங் பண்ணாடி தெரியும், இன்னிக்கு ஆரு மொறைன்னு?" என்றாள் மருதாயி.

அந்த நேரத்தில் சார் குனிந்து கரையில் கிடந்த எதையோ எடுத்தார். எங்கள் தக்கை. காய்ந்த களிமண்ணும் நீலத் துணியுமாக.

"அதென்னங் சார் கையில?" என்றார் பண்ணாடி.

"சாமான் வெளக்கற மட்டைங்க" என்றாள் மருதாயி, கண் இமைக்காமல்.

சார் மட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு. இஞ்சினியர் வாத்தியாருக்கு அது தெரியாதா? ரோட்டில் வழிகிற தென்னந்தோப்புத் தண்ணீர் பக்கம் ஒரு பார்வை. பிறகு மட்டையை மருதாயி கையில் வைத்தார்.

"நன்னா அழுத்தித் தேய்க்கணும்மா" என்று மட்டும் சொன்னார்.

நான் கேட்ட அவருடைய பாடங்களிலேயே அதுதான் சின்னது. அதைப் பலகையில் எழுதவில்லை.

சாயங்காலம் எழுதினது வேறு. முதல் கேள்வி அப்படியே இருந்தது. அதன் கீழே இரண்டாவதாக ஒன்று: "வீட்டில் யாருமில்லை என்று குரல் வந்தால், அந்தக் குரல் யாருடையது என்று கேட்க வேண்டும்." முப்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். ஷீலா அடியில் கோடு போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் ஷீலாவே ஃபாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள், படத்தைத் திருத்த. நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. வாசலிலேயே நின்றேன்.

"உட்காரு கண்ணு. நான் இருக்கறேன்" என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம். பெருக்கல் குறியை ரப்பரால் அழித்தாள். கட்டம் வெள்ளையாக வந்தது. ஃபாரத்தில் முதல் வரியைப் படித்தாள். "வீட்டுடமஸ்தன்டெ பேர்?"

வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த மருதாயி சத்தம் போட்டாள். "ரங்கசாமின்னு எழுதிக்க கண்ணு!"

ஷீலா அழகான கையெழுத்தில் எங்கள் கட்டத்துக்குள் ரங்கசாமி என்று எழுதினாள்.

அவருக்கு அன்றைக்கும் பகல் ஷிஃப்டு. வீட்டில் இல்லை.